பதினேழாவது படம்

பூமாரியை நல்லவள் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கெட்டவள் என்றும் சொல்ல மாட்டார்கள். "அவகிட்ட எதுக்கு வம்பு" என்று விலகிக்கொள்வார்கள். தாராவியில் அவள் குடியிருந்த ஏழு மாடிக் கட்டடத்தில், லிஃப்டுக்குள் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போன மூன்றாம் மாடிக்காரரின் கதவுக் கைப்பிடியில் அதே பையைக் கட்டித் தொங்கவிட்டவள் அவள். அதோடு விடவில்லை. அந்த மனுஷர் கதவைத் திறக்கும்வரை அங்கேயே நின்று, "உங்க சாமான மறந்து வச்சிட்டுப் போயிட்டீய" என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினாள்.

வயது நாற்பத்து மூன்று. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், தாராவியிலேயே ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். அச்சிலிருந்து வரும் பொம்மைத் துண்டுகளின் ஓரத்துப் பிசிறைப் பிளேடால் சீவி எடுக்கும் வேலை. எந்தப் பிளாஸ்டிக் வளையும், எது முறியும் என்பது தொட்டவுடனே அவளுக்குத் தெரியும். பட்டறை இடிக்கப்பட்ட பிறகு பாண்டுப்பில் ஒரு பெரிய கிடங்கில் சேர்ந்தாள். ஜனங்கள் போனில் ஆர்டர் கொடுத்து வாங்கிவிட்டு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் சாமானெல்லாம் வந்து சேரும் இடம் அது. நாற்பது மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் மேலே ஒரு கேமரா. பெட்டியைப் பிரித்து, சாமானைச் சோதித்து, திரையில் மூன்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்: மறுபடி விற்கலாம், கம்பெனிக் குறை, கஸ்டமர் உடைத்தது. சோதிக்கிறவரே உடைத்துவிட்டால் அவர் பேரில் ஒரு ரிமார்க் விழும். ஒரு வருஷத்தில் மூன்று ரிமார்க் விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான்.

பூமாரிக்கு ஒன்பதாம் மேசை. ஆறு வருஷத்தில் அவள் பேரில் ஒரு ரிமார்க் கூட இல்லை. அது அவளுக்குப் பெரிய கர்வம்.

பத்தாம் மேசையில் ரஷீதா. மேலப்பாளையத்துக் குடும்பம், மாஹிமில் பிறந்து வளர்ந்தவள், பூமாரியைவிடப் பதினைந்து வயது சின்னவள். சயான் ஸ்டேஷனில் இருவரும் ஒரே ரயில் பிடிப்பார்கள். மத்தியானம் டிபன் டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். அந்தக் கிடங்கில் பூமாரி சிரித்துப் பேசிய ஒரே ஆள் அவள்தான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அந்த ரோபோ வந்தது. ஒன்றரைச் சாண் உயரம், பச்சையும் கறுப்பும். கைகாலை மடக்கித் திருப்பினால் மோட்டார் சைக்கிளாக மாறும் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. 'பெட்டி நசுங்கி வந்தது' என்பதுதான் வாங்கியவரின் புகார். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறும் பொம்மையென்றால் ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் இதையெல்லாம் செய்வதில்லை. ஒரு சாமானுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு. பூமாரி செய்வாள்.

உள்ளே இருந்த தாளில் இருபத்தொன்பது படங்கள். இங்கிலீஷ் எழுத்தைப் படிக்க அவளுக்கு வராது, படம் போதும். பதினாறுவரைக்கும் சுலபமாகப் போயிற்று. தலை உள்ளே போனது, தோளிலிருந்து ஹேண்டில்பார் வெளியே வந்தது, முன்சக்கரத்தின் இரண்டு பாதிகளும் ஒன்றாய்ச் சேர்ந்தன. பதினேழாவது படத்தில் ஒவ்வொரு கெண்டைக்காலிலும் இருக்கும் பின்சக்கரப் பாதியைத் திருப்பச் சொல்லி அம்புக்குறி இருந்தது. திருப்பினாள். சக்கரத்தைத் தாங்கிய முளை 'டிக்' என்று முறிந்து மேசையில் விழுந்தது.

சூப்பர்வைசர் நயினார் கேமராவில் பார்த்துவிட்டு இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டான். செம்பூர்க்காரன். அவளைவிட ஒன்பது வயது இளையவன். அவனுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் 'பூமாரிக்கா'. இல்லாவிட்டால் வெறும் பூமாரி.

"என்ன பூமாரி, ஒடச்சாச்சா? இது என்ன ஒங்க தாராவிப் பட்டறையா, பிளேடு பிடிச்ச கைய வச்சு இழுக்கதுக்கு?"

"நான் இழுக்கல ஸார். தாள்ல போட்ட மாதிரித்தான் திருப்புனேன். முளை சரியில்ல."

"முளை சரியில்லயாம்." அவன் பத்தாம் மேசைப் பக்கம் திரும்பினான். "ரஷீதா, நீ பாத்தியா? பலமா இழுத்தாங்களா, இல்லயா?"

ரஷீதா சோதித்துக்கொண்டிருந்த சேலையைக் கீழே வைத்தாள். நயினார் அவள் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம்... பலமாத்தான் ஸார்," என்றாள்.

ரிமார்க் விழுந்துவிட்டது. ஆறு வருஷத்தில் முதல் ரிமார்க். அன்று மத்தியானம் பூமாரி டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே சிமெண்டுக் கட்டையில் போய் உட்கார்ந்தாள். ரஷீதா பின்னாலேயே வந்து, "அக்கா, நான் வேணும்னு சொல்லல..." என்று ஆரம்பித்தாள்.

"ஏட்டி, இங்கருந்து போயிரு. எங்கை நீண்டுரும்," என்றாள் பூமாரி.

அன்றிலிருந்து பேச்சு நின்றது.

அதற்குப் பின் அந்த ரோபோ வரிசையாகத் திரும்பி வர ஆரம்பித்தது. சில பெட்டிகள் பிரிக்கப்படாமலே வந்தன; பிரித்ததில் எல்லாம் ஒரே புகார். கால் உடைந்துவிட்டது, வண்டியாக மாறவில்லை. மற்ற மேசைகளில் பெட்டியைத் திறந்து பார்த்ததும் 'கஸ்டமர் உடைத்தது' என்று அழுத்திவிடுவார்கள். பிள்ளை முறுக்கியிருக்கும், வேறென்ன? பூமாரி மட்டும், உடையாத இன்னொரு காலை வைத்துத் தன் கையால் சோதித்தாள். தான் இழுத்து உடைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். அதை யாரிடமாவது நிரூபித்தே தீர வேண்டும் என்று உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

நான்காவது பொம்மையில் கண்டுபிடித்தாள். சக்கரத்தைத் திருப்பும்போது முளையின் அடி வெளுத்தது. பிளாஸ்டிக் வெளுத்தால் அடுத்தது முறிவுதான். பன்னிரண்டு வருஷம் பார்த்ததாயிற்றே. அப்படியே நிறுத்தினாள். சக்கரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்துவிட்டு, முதலில் முழங்காலை மடக்கிப் பார்த்தாள். இடுப்புத் தகடு விலகி ஒரு விரல்கடை இடம் விட்டது. இப்போது சக்கரத்தைத் திருப்பினால் வெண்ணெய் போலத் திரும்பியது.

தாளை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பதினெட்டாவது படத்தில்தான் முழங்காலை மடக்கச் சொல்லியிருந்தது. ஆனால் பதினேழாவது படத்திலேயே முழங்கால் மடங்கினாற்போல் வரைந்திருந்தது. படங்கள் இரண்டும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. பொம்மையில் குறை இல்லை. வாங்கியவர் கையிலும் இல்லை. தாள்தான் தப்பு.

அந்த நிமிஷமே அவள் நயினாரைக் கூப்பிட்டிருக்கலாம். எழுந்தும் விட்டாள். கிடங்கின் அந்தக் கடைசியில் அவன் யாரிடமோ சிரித்துக்கொண்டு, இரண்டு கையையும் முறுக்கி எதையோ பிய்ப்பதுபோல் நடித்துக்காட்டிக்கொண்டிருந்தான். ஒன்பதாம் மேசையைக் காட்டிக் கட்டைவிரலை நீட்டினான். பூமாரி உட்கார்ந்துவிட்டாள்.

'கெடந்து சாவுங்கலே,' என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து அவள் மேசைக்கு வந்த ரோபோவுக்கெல்லாம் 'கம்பெனிக் குறை' என்று அழுத்தினாள். மாற்றிப் பார்க்கும்போது பதினேழாவது இடத்தில் இடது உள்ளங்கையால் மூடிக்கொள்வாள். மேலே கேமராவுக்குக் கைமுதுகு மட்டும்தான் தெரியும். அவள் கையில் ஒன்றுகூட உடையவில்லை.

மூன்றாவது வாரம் பொம்மையை விற்கிற ஆளே நேரில் வந்தார். ஜம்பு என்று பேர். மாதுங்காவில் வீடு, வெளிநாட்டிலிருந்து பொம்மைகளை வரவழைத்து விற்பவர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நயினார் அவரை நேரே ஒன்பதாம் மேசைக்கு அழைத்து வந்தான்.

"நீங்கதானா அது? என் சரக்கு எல்லாத்துக்கும் கம்பெனிக் குறைன்னு அழுத்தறது?" என்றார்.

"குறை இருக்கு. அழுத்துதேன்."

"இந்தப் பொம்மை எத்தனையோ ஊர்ல விக்கறது. அங்கெல்லாம் யார் கையிலயும் உடையலை. இங்க மட்டும் உடையறது. ஏன் தெரியுமா? நம்ம ஜனங்க கை அப்படி. எதை எடுத்தாலும் முரட்டுத்தனம்."

"மொதல் பீஸ ஒடச்சதே இவங்கதான் ஸார். வீடியோ இருக்கு," என்றான் நயினார்.

பூமாரி மேசைக்குக் கீழிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து அவர் முன்னால் தள்ளினாள். "உங்க கை நல்ல கைதான? நீங்க மாத்துங்க. தாளப் பாத்தே மாத்துங்க."

பக்கத்து மேசைகளில் வேலை நின்றுவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜம்பு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை விரித்தார். நிதானமான மனிதர்தான், ஒவ்வொரு படத்தையும் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பதினேழாவதில் சக்கரத்தைத் திருப்பினார். டிக்.

யாரோ சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோயிற்று. "இந்தப் பீஸ்ல ஏதோ..." என்றார்.

பூமாரி இன்னொரு பெட்டியைப் பிரித்தாள். தாளை மடித்து ஓரமாகப் போட்டாள். பதினேழாவது இடத்தை வழக்கம்போல் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். இரண்டே நிமிஷத்தில் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு மேசையில் நின்றது. ஒரு விரலால் அதை அவர் பக்கம் உருட்டிவிட்டாள்.

"ஓட்டிட்டுப் போங்க."

"எப்படிம்மா பண்ணினே?" அவர் குரல் மாறியிருந்தது. "தாளை நான்தான் இங்க பிரஸ்ல போட்டேன். அங்கேருந்து வந்தது பெரிய தாள், மடிச்சு வைக்க இடமில்லைன்னு சின்னதாக்கினோம். அதுல ஏதாவது தப்பா? சொன்னா திருத்திக்கறேன்."

"எம்பேர்ல விழுந்த ரிமார்க்க எடுக்கச் சொல்லுங்க. சொல்லுதேன்."

ஜம்பு நயினாரைப் பார்த்தார். நாற்பது மேசையும் நயினாரைப் பார்த்தது. "ஒருக்கா போட்டத எடுக்க முடியாது ஸார். சிஸ்டம்," என்றான் அவன்.

"அப்ப ஒங்க சிஸ்டத்துட்டயே கேளுங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தாள் பூமாரி. அது ஒரு மிக்ஸி ஜார். ஜம்பு இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. பிரஸ்காரனிடம் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கோபமாகப் போய்விட்டார். பிரஸ்காரன் என்ன சொன்னானோ, தாள் மாறவில்லை. ரோபோக்கள் வந்துகொண்டேயிருந்தன.

நயினாரால் அந்த அவமானத்தைத் தாங்க முடியவில்லை. மறுநாளே ஒரு ஏற்பாடு செய்தான். ஒன்பதாம் மேசைக்கு இனி பொம்மையே கிடையாது, செருப்பு மட்டும்தான். ரோபோக்கள் முழுக்கப் பத்தாம் மேசைக்கு. "மாத்திப் பாக்காம பொத்தான அழுத்தக் கூடாது. அவங்க செய்யறாங்கல்ல, நீயும் செய்," என்று ரஷீதாவிடம் உத்தரவு போட்டான்.

ரஷீதா பேரில் ஏற்கெனவே ஒரு ரிமார்க் இருந்தது. ஒரு சேலையில் கத்தரி பட்டது. ரோபோ அவள் மேசைக்கு வந்த முதல் நாளே உடைந்தது. அது இரண்டாவது.

மறுநாள் காலை கழிப்பறையில் பூமாரி கை கழுவிக்கொண்டிருந்தபோது ரஷீதா வந்து கதவுப் பக்கம் நின்றாள். அழுதிருந்தாள் போல, மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, அந்தப் பதினேழாவது எடத்துல நீங்க என்ன செய்தீய? அத மட்டும் சொல்லுங்கக்கா. இன்னொண்ணு ஒடஞ்சா என்னை அனுப்பிருவாவ."

பூமாரி குழாயை மூடினாள். கைக்குட்டையை எடுத்து நிதானமாகக் கையைத் துடைத்தாள்.

"பலமா இழுக்காத," என்றாள்.

 ரஷீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணி சுமாருக்குப் பத்தாம் மேசையில் அந்தச் சத்தம் கேட்டது. செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த பூமாரிக்கும் கேட்டது. நயினார் வந்து ரஷீதாவின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டான். அவள் தன் தண்ணீர் பாட்டிலையும் டிபன் பையையும் எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் மேசையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

முதலில் பூமாரிக்குத் திருப்தியாகத்தான் இருந்தது. பொய் சொன்னவளுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். சாயங்காலம் ரயிலில் உட்கார இடம்கூடக் கிடைத்தது. ஆனால் சயானில் இறங்கி நடக்கும்போது, 'பலமா இழுக்காத' என்று தான் சொன்னது தன் குரலிலேயே காதில் கேட்டது. வீட்டில் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவன் செல்லப்பாண்டி அதிகம் பேசாதவர்; என்னவென்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நீ சொல்லியிருக்கலாம்லா," என்றார் அவர்.

"அவ பொய் சொல்லும்போது எங்க போனீய? எம்பேர்ல ரிமார்க் விழுந்தப்ப எந்த நாதி கேட்டுது?" என்று கத்தினாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை போன உடனே நயினார் முன்னால் தாளை விரித்து இரண்டு படங்களையும் காட்டினாள். "இது ரெண்டும் எடம் மாறியிருக்கு. ரஷீதா ஒடைக்கல, தாள்தான் ஒடச்சிருக்கு. அவளத் திரும்பக் கூப்பிடுங்க."

நயினார் தாளைப் பார்த்தான். ஒரு பெட்டியைப் பிரித்து, அவள் காட்டிய வரிசையில் மாற்றியும் பார்த்தான். உடையவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு பரவியது.

"ஒங்களுக்கு எப்பருந்து தெரியும், பூமாரிக்கா?"

அவள் தாளை மடித்தாள்.

"வீடியோவ எடுத்துப் பாத்தா தேதி தெரிஞ்சிரும். தெரிஞ்சே மூணு வாரம் கம்பெனிச் சாமான ஒடைய விட்டிருக்கீங்க. இத மேல சொன்னா ஒங்க வேலையும் போயிரும். போங்க, செருப்பப் பாருங்க. ரஷீதா போனது போனதுதான்."

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் நயினாரின் போட்டோ ஏறியது. தாளில் இருந்த தவறைக் கண்டுபிடித்ததற்காகப் பாராட்டு. பூமாரி அதன் முன்னால் நின்று முழுவதும் பார்த்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாவிட்டாலும் போட்டோ போதுமாயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாஹிமுக்குப் போனாள். ரஷீதாவின் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். ரஷீதாவே கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"தாள் தப்பு," என்று பூமாரி வாசலில் நின்றபடியே சொன்னாள். "ரெண்டு படம் எடம் மாறிட்டு. நீ ஒடைக்கல."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"பாத்ரூம்ல நான் வந்து கேட்டப்பவும்?"

"தெரியும்."

ரஷீதா கத்தவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினாள். "நான் அன்னைக்குப் பயந்து சொன்னேன்க்கா. அந்தாளு மொறச்சுக்கிட்டே கேட்டாரு. பயத்துல வாயில வந்துட்டு. நீங்க பயந்தா செஞ்சீய?"

பூமாரி ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். 

"போங்கக்கா. இனி இங்க வராதீய," என்று ரஷீதா கதவைச் சாத்தினாள்.

மறுநாள் பூமாரி நயினாரைக் கேட்காமல் மேல்மாடி ஆபீசுக்குப் போனாள். அங்கே இருந்த மராட்டிக்கார அதிகாரி அம்மாளிடம், தனக்குத் தெரிந்த இந்தியில் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். எந்தத் தேதியில் கண்டுபிடித்தாள், ஏன் மறைத்தாள், ரஷீதா கேட்டபோது என்ன சொன்னாள் என்பதையும் விடவில்லை. அந்த அம்மாள் வீடியோக்களை எடுத்துப் பார்த்தாள். வேலை போய்விடும் என்று எண்ணிப் பூமாரி சாயங்காலமே மேசையைத் துடைத்து, தன் கத்தரியையும் பாட்டிலையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வேலை போகவில்லை. முதல் ரிமார்க் தாளின் தவறு என்று நீக்கப்பட்டது. தெரிந்தும் மறைத்ததற்கு இரண்டு ரிமார்க் சேர்த்துப் போட்டார்கள். இன்னும் ஒன்று விழுந்தால் அவள் வெளியே. நயினாரின் போட்டோ போர்டிலிருந்து இறங்கியது. அவன் சூப்பர்வைசராகவே இருந்தான். அதற்குப் பின் அவளைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை, "ஒன்பது" என்பான். அவள் மேசைக்குக் கண்ணாடிச் சாமானாகப் பார்த்து அனுப்புவான். அவள் ஒவ்வொரு தம்ளரையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்து வைப்பாள். இதுவரை ஒன்றும் உடையவில்லை.

ரஷீதாவுக்கு ஆபீசிலிருந்து போன் போயிற்று. வந்து சேர்ந்தாள். பத்தாம் மேசை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். இப்போது அந்தக் கோடியில், முப்பத்தோராம் மேசையில் இருக்கிறாள். பூமாரிதான் மேல்மாடிக்குப் போய்ச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும். யாரோ சொன்னபோது, "அவதான கெடுத்தா, அவதான் சரி பண்ணணும்," என்றாளாம். அது பூமாரியின் காதுக்கும் வந்தது. 

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பாண்டுப் ஸ்டேஷனில் இருவரும் ஒரே வண்டிக்குத்தான் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் சில நாட்கள், பூமாரி வந்து நின்றதும் ரஷீதா பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெண்கள் பெட்டி நிற்கும் இடத்துக்கு நடந்து போவாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாதி பிளாட்பாரம் நடக்க வேண்டும். இப்போது பூமாரி படியிறங்கும்போதே பார்த்துவிடுகிறாள். ரஷீதா நின்றிருந்தால், அவள் கண்ணில் படாமல் பின்பக்கமாகச் சுற்றி, தானே அடுத்த பெட்டிக்கு நடந்துவிடுகிறாள்.